ஆபீஸ் வெல்னஸ் ப்ரோக்ராம் 64 பேர்ல ஆரம்பிச்சு 9 பேர்ல நிக்குது, என்ன பண்ணலாம்?

எழுதியவர்: தலையாட்டி

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

180 பேர் இருக்கற ஒரு கம்பெனியில எச்.ஆர்ல இருக்கேன். பாதி பேர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற வேலை, மீதி கஸ்டமர் சப்போர்ட்டும் பேக்கிங்கும், அவங்களுக்கு ஷிப்ட்டு. எட்டு மாசம் முன்னாடி ஒரு மீட்டிங்ல 'நம்ம ஆளுங்க உடம்பு மனசு ரெண்டையும் கவனிக்கணும்'னு எம்.டி. சொன்னார், எல்லாரும் தலையாட்டினாங்க, கடைசியா ஆட்டி முடிச்சது நான்தான் போல, பொறுப்பு என் தலையில வந்து விழுந்துடுச்சு.

ஆர்வமாத்தான் ஆரம்பிச்சேன். தினம் 10,000 ஸ்டெப் சேலஞ்ச், வாட்ஸ்அப் குரூப்ல ராத்திரி ஸ்க்ரீன்ஷாட் போடணும், மாசக் கடைசியில முதல் மூணு பேருக்கு கிஃப்ட். புதன்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு யோகா. எல்லாருக்கும் ஒரு மெடிடேஷன் ஆப். முதல் மாசம் 64 பேர், குரூப்ல ஒரே கலாட்டா. ரெண்டாவது மாசம் 30 சொச்சம். இப்ப 9. அந்த 9லயும் நாலு பேர் நான் சொன்னாலும் சொல்லலேன்னாலும் காலையில ஓடறவங்க, ஒருத்தி என் ஃப்ரெண்டு, பாவம் எனக்காக போடறா. போன புதன் யோகாவுக்கு மாஸ்டரும் நானும்தான், நடுவுல ஒருத்தர் கதவைத் திறந்து எட்டிப் பாத்தார், சந்தோஷப்பட்டேன், சார்ஜர் தேடி வந்திருக்கார்.

இதுல இன்னொரு கூத்து, 'எழுந்து அஞ்சு நிமிஷம் நடங்க'ன்னு தினமும் மூணு தடவை எல்லாருக்கும் ரிமைண்டர் அனுப்பறவ நான், அனுப்பிட்டு அதே நாற்காலியில மூணு மணி நேரம் அசையாம இருக்கேன். முதுகு வலின்னு போன மாசம் பிசியோகிட்ட போனப்ப 'என்ன வேலை பாக்கறீங்க'ன்னு கேட்டாங்க. வெல்னஸ்னு சொல்ல வாய் வரல, ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதனால கேள்வி ரெண்டு. ஒண்ணு, ஆளுங்களை எப்படி திரும்ப உள்ள இழுக்கறது? கிஃப்ட்டை பெருசாக்கலாமா? எங்க மேனேஜர் அப்ரைசல்ல 5 மார்க் சேத்துடு, தானா வருவாங்கன்னு சொல்றார். ரெண்டு, நானே எப்படி இதுல ஒட்டிக்கிட்டு இருக்கறது?

---

ராத்திரி_ஷிப்ட்

நல்ல மனசோட கேக்கறீங்க, அதனால கோவப்படாம சொல்றேன், நீங்களும் கோவிச்சுக்காதீங்க.

நான் ஆறு வருஷம் கால் சென்டர்ல இருந்தவன். எங்க ஃப்ளோர்ல பாத்ரூம் போற வழியில ஒரு போஸ்டர், 'நிறைய தண்ணி குடியுங்கள்'. அந்தப் போஸ்டரைத் தாண்டிப் போறதுக்கு சிஸ்டத்துல பர்சனல் பிரேக்னு ஒரு கோடு (code) போடணும், ஷிப்ட்டுக்கு மொத்தம் 10 நிமிஷம், தாண்டினா டீம் லீடர் ஸ்க்ரீன்ல என் பேரு சிவப்பாயிடும். நான் என்ன பண்ணினேன்? தண்ணி குடிக்கறதை நிறுத்தினேன். எங்களுக்கும் ஒரு ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் கிளாஸ் வெச்சாங்க, கட்டாயம், லஞ்ச் டைம்ல, அந்த 40 நிமிஷம் கால் எடுக்காததுக்கு அன்னிக்கு டார்கெட்ல கழிக்கவும் இல்ல. கிளாஸ்ல மூச்சை உள்ள இழுங்கன்னு அந்தம்மா சொல்றாங்க, நான் மனசுக்குள்ள இன்னும் எத்தனை கால் பாக்கின்னு எண்ணிட்டு இருக்கேன்.

உங்க 9 பேர்ல பேக்கிங் ஆளுங்க எத்தனை பேர்? சப்போர்ட் எத்தனை பேர்? எனக்கென்னவோ பதில் தெரியும்னு தோணுது. பேக்கிங்ல வேலை நேரத்துல ஃபோன் கையில வெச்சுக்க விடுவாங்களா? லாக்கர்ல வெச்சுட்டுப் போகணும்னா அவங்க நாள் பூரா நடந்தாலும் உங்க கணக்குல ஸ்டெப் பூஜ்யம்தான். மொத்த கம்பெனியிலயே அதிகமா நடக்கறவங்க உங்க லிஸ்ட்ல கடைசி. அவங்களுக்கு வேண்டியது நடக்கறதில்லங்க, உக்கார ஒரு ஸ்டூல்.

அப்ரைசல் மார்க் ஐடியாவை தயவுசெஞ்சு அங்கயே விட்டுடுங்க.

---

பழைய_ஸ்டெத்

நான் ஆக்குபேஷனல் ஹெல்த் நர்ஸ், அதாவது வேலையிடத்துல ஆளுங்க உடம்பைக் கவனிக்கற நர்ஸ், தொழிற்சாலை ஆபீஸ் ரெண்டுலயும் இருபது வருஷத்துக்கு மேல. தலையாட்டி, முதல்ல ஒரு விஷயம், ஆளு குறைஞ்சது உங்க தப்புன்னு நினைச்சு மனசைக் கெடுத்துக்காதீங்க. இதைவிட நூறு மடங்கு பணம் போட்டு செஞ்ச இடத்துலயும் இதே கதைதான்.

அமெரிக்காவுல இல்லினாய் யுனிவர்சிட்டியில 2016ல ஆரம்பிச்சு அங்க வேலை பாக்கற ஏறக்குறைய 4,800 பேரை குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு மட்டும் வெல்னஸ் ப்ரோக்ராம் குடுத்துப் பாத்தாங்க. மருத்துவச் செலவு, லீவு, ஜிம்முக்குப் போறது, இதெல்லாம் ரெண்டு பக்கத்துக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசமே வரல. அதுல எனக்குப் பிடிச்ச பகுதி வேற. தானா முன்வந்து சேந்தவங்க யாருன்னு பாத்தா ஏற்கனவே செலவு கம்மியா, ஆரோக்கியமா இருந்தவங்கதான் அதிகம். உங்க 9 பேர்ல நாலு பேர் காலையில ஓடறவங்கன்னு சொன்னீங்களே, அதேதான். அதை மட்டும் பாத்துட்டு 'பாருங்க, ப்ரோக்ராம்ல சேந்தவங்க எவ்வளவு நல்லா இருக்காங்க'ன்னு ரிப்போர்ட் போடற கம்பெனிங்கதான் நிறைய.

2019ல இன்னொண்ணு வந்துச்சு, ஒரு பெரிய வேர்ஹவுஸ் கடைச் சங்கிலி, 160 கிளை, கிட்டத்தட்ட 33,000 பேர். 18 மாசம் கழிச்சுப் பாத்தா, ப்ரோக்ராம் நடந்த கிளைகள்ல 'நான் ரெகுலரா உடற்பயிற்சி செய்யறேன்'னு சொன்னவங்க கொஞ்சம் அதிகம். ஆனா பிபி, கொலஸ்ட்ரால், எடை, லீவு, செலவு எதுவும் அசையல. அப்புறம் 2024ல பிரிட்டன்ல 233 நிறுவனங்கள்ல 46,000க்கு மேல ஆளுங்ககிட்ட எடுத்த சர்வேயை வெச்சு ஆக்ஸ்போர்டுல ஒருத்தர் எழுதினார். மெடிடேஷன் ஆப், ரெசிலியன்ஸ் டிரெயினிங் (கஷ்டத்தைத் தாங்கி மீள்ற பயிற்சி), தூக்கத்துக்கு ஆப், இந்த மாதிரி 'உன் மனசை நீ சரி பண்ணிக்கோ' ரகம் எதுல சேந்தவங்களும் சேராதவங்களைவிட நல்லா இல்ல. சர்வேங்கறதால அதை வெச்சு எல்லாத்தையும் முடிவு கட்டிட முடியாது, ஆனா தள்ளிவிடவும் முடியாது. தன்னார்வ சேவைக்கு நேரம் ஒதுக்கிக் குடுத்தது ஒண்ணுதான் கொஞ்சம் தேறிச்சு.

அப்ப எது வேலை செய்யும்? ராத்திரி_ஷிப்ட் தம்பி சொல்லிட்டார். பர்ன்அவுட்டுக்கு, அதாவது வேலையால ஓஞ்சு கருகிப் போறதுக்கு, உலக சுகாதார நிறுவனம் குடுத்திருக்கற விளக்கத்தையே பாருங்க, சரியா சமாளிக்கப்படாத நாள்பட்ட வேலையிட அழுத்தத்துல இருந்து வர்றதுன்னு இருக்கு. நோய்னு போடல, வேலை சம்பந்தப்பட்ட நிகழ்வுன்னு போட்டிருக்காங்க. வேலையில இருந்து வர்றதை மூச்சுப் பயிற்சியில மட்டும் எப்படித் தீக்கறது? 2022ல அவங்க வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் ஆளை மாத்தறதோட நிக்காம வேலை நடக்கற விதத்தை மாத்தறதும், மேனேஜர்களுக்கு டிரெயினிங் குடுக்கறதும் இருக்கு. வேலை எவ்வளவு, அதை எப்படிச் செய்யணும்னு முடிவு பண்றதுல அந்த ஆளுக்கு எவ்வளவு பிடி இருக்கு, இது ரெண்டையும் சேத்து 1979லயே கராசெக்னு ஒருத்தர் எழுதிட்டார். வேலை அதிகம், பிடி கம்மி, அங்கதான் ஆளு நொறுங்கறது.

கட்டாயம் வேண்டாம், அப்ரைசல் சுத்தமா வேண்டாம். மூட்டு வலி இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, வெளிய சொல்லாம மாத்திரை சாப்பிடறவங்க எல்லாரும் தன் உடம்பைப் பத்தி உங்க மேனேஜர்கிட்ட விளக்கம் குடுக்கணுமா? ஒரு தடவை அந்த பயம் வந்துடுச்சுன்னா அப்புறம் நீங்க நல்லது செஞ்சாலும் வேவு பாக்கறதாத்தான் தோணும்.

---

எக்செல்_வீரன்

எல்லாரும் ஸ்டெப் சேலஞ்சை இந்தப் போடு போடறீங்க, நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசிக்கறேன். எனக்கு சுகர் பார்டர்ல இருந்துச்சு, எங்க ஆபீஸ் சேலஞ்ச்லதான் நடக்க ஆரம்பிச்சேன், ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் நடக்கறேன். ஆராய்ச்சி சொல்றது சராசரிக் கணக்கு, அந்த சராசரிக்குள்ள என்னை மாதிரி நாலு பேர் இருப்போம்ல?

ஆனா பரிசு வெச்சா என்ன ஆகும்னும் பாத்திருக்கேன். எங்க டீம்ல ஒருத்தர் வாட்சை நாய் காலர்ல கட்டி விட்டுட்டு சோஃபாவுல படுத்திருந்தார், அந்த வாரம் அவர்தான் முதலிடம். இன்னொருத்தர் போர்டு மீட்டிங்ல டேபிளுக்கு அடியில கையை ஆட்டிட்டே இருப்பார், நடுக்கமோன்னு நாங்க பயந்தே போனோம். பரிசு நின்ன மாசம் ரெண்டு பேரும் காணாமப் போயிட்டாங்க.

அந்த 10,000ங்கற நம்பரும் டாக்டர் யாரும் எழுதிக் குடுத்ததில்ல. 1965 வாக்குல ஜப்பான்ல ஒரு கம்பெனி விட்ட பெடோமீட்டரோட, அதான் அடி எண்ணற கருவியோட, பேரு அது, மான்போ-கெய், பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். கேக்க நல்லா இருந்துச்சு, ஒட்டிக்கிச்சு. 2019ல வயசான பெண்களை வெச்சு அமெரிக்காவுல செஞ்ச ஒரு ஆய்வுல, நாளுக்கு 2,700 ஸ்டெப் நடக்கறவங்களைவிட 4,400 நடக்கறவங்களுக்கே மரண ஆபத்து நல்லா குறைஞ்சிருந்துச்சு, 7,500 வாக்குல போனா அதுக்கு மேல பெருசா குறையல. அது 70 வயசு சொச்சக்காரங்க கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தும்னு சொல்லல. 3,000 நடக்கறவர் கண்ணுக்கு முன்னாடி 10,000த்தை நிறுத்தினா அவர் ரெண்டாவது வாரமே குரூப்பை மியூட்ல போட்டுடுவார், அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

---

பழைய_ஸ்டெத்

எக்செல்_வீரன், நீங்க நடக்கறது சந்தோஷம், விட்டுடாதீங்க. சேலஞ்சே கூடாதுன்னு நான் சொல்லல. விரும்பறவங்க வெச்சுக்கட்டும், அதை கம்பெனியோட வெல்னஸ்னு பேர் போட்டு மத்த வேலையை தள்ளிப் போடக்கூடாதுன்னுதான் சொல்றேன். பரிசு விஷயத்துல 1973லயே சின்னப் பிள்ளைங்களை வெச்சுப் பாத்திருக்காங்க. படம் வரையறது பிடிச்ச பிள்ளைங்ககிட்ட வரைஞ்சா சர்டிஃபிகேட் தர்றோம்னு சொல்லிக் குடுத்தாங்க, அப்புறம் சும்மா விட்டப்ப அந்தப் பிள்ளைங்க முன்ன மாதிரி வரையல. உங்க நாய்க்காரருக்கு அந்த அளவுகூட ஆசை இருந்திருக்காது, அது வேற.

---

தலையாட்டி

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி_ஷிப்ட் கேட்டதும் லிஸ்ட்டை எடுத்துப் பாத்தேன். 9ல பேக்கிங் யாரும் இல்ல, சப்போர்ட் ஒருத்தர். முதல் மாச 64லயே பேக்கிங் மூணு பேர்தான். எட்டு மாசமா இது என் கண்ணுல படவே இல்லங்கறதுதான் எனக்கு உறைக்குது. ஃபோன் லாக்கர்லதான்.

நேத்து ஒண்ணும் எடுத்துட்டுப் போகாம பேக்கிங் பக்கம் போய் நின்னேன். சர்வே இல்ல, ஃபார்ம் இல்ல, 'இங்க வேலை பாக்கறதுல உடம்புக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு'ன்னு மட்டும் கேட்டேன். முதல்ல யாரும் வாயைத் திறக்கல. அப்புறம் ஒரு அக்கா டேப் ஒட்டற மேசையைக் காட்டினாங்க, உயரம் கம்மி, எட்டு மணி நேரம் குனிஞ்சே நிக்கணும், அவங்களே ரெண்டு காலி அட்டைப்பெட்டியை மடிச்சு அடியில குடுத்து உயர்த்தி வெச்சிருக்காங்க. வாரத்துக்கு ஒரு தடவை அந்த அட்டை நசுங்கிடும், மாத்துவாங்களாம். மூணு வருஷமா.

இன்னொண்ணு சொன்னா சிரிப்பீங்க. லிஃப்ட் வேண்டாம் படியேறுங்கன்னு நான் ஒரு போஸ்டர் போட்டிருந்தேன். சப்போர்ட்ல ஒரு பையன் சொல்றான், 'மேடம், படிக்கட்டுக் கதவு ரெண்டாவது மாடியில கார்டு எடுக்காது, ஏறிப் போனா அங்கயே மாட்டிக்குவோம், லைட்டும் எரியாது.' போய்ப் பாத்தேன். மாட்டிக்கிட்டேன். செக்யூரிட்டிக்கு ஃபோன் பண்ணி வெளிய வந்தேன்.

---

ராத்திரி_ஷிப்ட்

அந்தப் போஸ்டரை ஃப்ரேம் போட்டு உங்க கேபின்ல மாட்டுங்க 😂

சீரியஸா சொல்றேன், அந்த மேசையை முதல்ல சரி பண்ணுங்க, அதுவும் சீக்கிரம். கேட்டுட்டுப் போய் ஒண்ணும் நடக்கலேன்னா அடுத்த தடவை நீங்க வந்தா அந்தக்கா வாயே திறக்க மாட்டாங்க. நாங்க எங்க இடத்துல எத்தனை ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பியிருப்போம், கடைசியில எல்லாரும் எல்லாத்துக்கும் 'நன்று'ன்னு டிக் போட்டுட்டு போயிடுவோம்.

---

மதியத்_தூக்கம்

ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதிலே சொல்லலியே, நான் சொல்றேன். 12 பேர் டீமுக்கு லீடு நான், ரெண்டு வருஷம் முன்னாடி நல்லா எரிஞ்சு கருகி எழுந்தவ.

தலையாட்டி, ரிமைண்டர் அனுப்பறது உங்களுக்கு ஒரு வேலையா ஆயிடுச்சு, அதனாலதான் நீங்க எழுந்துக்கறதில்ல. மண்டை அதை 'முடிஞ்சது'ன்னு டிக் பண்ணிடுது. எனக்கும் இப்படித்தான், உடற்பயிற்சி பத்தி ஒரு வீடியோ பாத்துட்டா செஞ்ச மாதிரியே ஒரு திருப்தி வந்துடும். நான் பண்ணினது என்னன்னா, புதுசா ஒண்ணும் சேக்காம ஏற்கனவே செய்யற ஒண்ணோட ஒட்ட வெச்சேன். ஸ்க்ரீன் பாக்கத் தேவையில்லாத கால் வந்தா உக்காரக்கூடாது, அவ்வளவுதான் ரூல். ஹெட்போனை மாட்டிட்டு காரிடார்ல நடந்துட்டே பேசுவேன். முதல்ல எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க, ஒரு மாசத்துல என் டீம்ல மூணு பேர் அதே மாதிரி நடக்கறாங்க, நான் ஒரு வார்த்தை சொல்லல.

21 நாள்ல பழக்கம் வந்துடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. லண்டன்ல 96 பேரை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க, சாதாரணமா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் கணக்கு போச்சு. நடுவுல ஒரு நாள் விட்டுப் போனா பெருசா ஒண்ணும் கெட்டுப் போகலேங்கறதும் அதுலயே வந்துச்சு. இது தெரிஞ்சப்பறம்தான் நான் விட்ட மறுநாள் திரும்ப ஆரம்பிக்கப் பழகினேன், அதுக்கு முன்னாடி எல்லாம் ஒரு நாள் விட்டா அந்த மாசமே போச்சுன்னு உக்காந்துடுவேன்.

இன்னொண்ணு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல டீமுக்கு மெயில் போடறதை நிறுத்தினேன். எழுதுவேன், காலையில போற மாதிரி டைம் செட் பண்ணிடுவேன். நீங்க 'உடனே பதில் வேண்டாம்'னு எழுதினாலும் லீடுகிட்ட இருந்து வந்தா அவங்க பாக்கத்தான் செய்வாங்க, பாத்தா தூக்கம் போயிடும். எனக்குத் தெரிஞ்சு என் டீமுக்கு நான் செஞ்ச ஒரே வெல்னஸ் அதுதான். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதுக்கு மேலயும் வேலை பாக்கறவங்களுக்கு, 35ல இருந்து 40 மணி நேரம் பாக்கறவங்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம்னு 2021ல உலக சுகாதார நிறுவனமும் ஐ.எல்.ஓ.வும் (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) சேந்து சொன்னாங்க. எங்க டீம்ல அந்த 55ஐத் தொட்டவ நான் ஒருத்திதான். ரிமைண்டர் யாருக்குப் போயிருக்கணும்?

உங்க யோகா கிளாஸ் அஞ்சரைக்குன்னு போட்டிருக்கீங்க. வீட்டுக்குப் போற நேரம். பிள்ளையைக் கூப்பிடப் போகணும், பஸ்ஸைப் பிடிக்கணும். வேலை நேரத்துக்குள்ள வெச்சுட்டு அப்புறம் ஆளு வரலேன்னு சொல்லுங்க.

---

எக்செல்_வீரன்

மதியத்_தூக்கம் அக்கா சொன்ன மெயில் விஷயத்தை எங்க மேனேஜருக்கு பேர் போடாம ஃபார்வர்ட் பண்ண ஏதாச்சும் வழி இருக்கா

---

தலையாட்டி

ஒரு மாசம் கழிச்சு வந்து எழுதறேன், கேட்டுட்டு காணாமப் போனவன்னு பேர் வேண்டாம்.

ஆன கதை: ஆப் சந்தாவை புதுப்பிக்கல, எத்தனை பேர் திறக்கறாங்கன்னு பாத்தப்ப அந்த எண்ணை எம்.டி.கிட்ட காட்டவே கூச்சமா இருந்துச்சு, ஆனா காட்டினேன். அந்தப் பணத்துல பேக்கிங்ல உயரம் மாத்தற மாதிரி நாலு மேசை, நிக்கற இடத்துல ரப்பர் மேட், சாஞ்சு உக்கார்ற ஸ்டூல் ரெண்டு. அக்கா அந்த அட்டைப்பெட்டியை இன்னும் தூக்கிப் போடல, பக்கத்துல வெச்சிருக்காங்க, கேட்டா 'இருக்கட்டும்மா, எதுக்கும்'னு சொல்றாங்க. படிக்கட்டுக் கதவு சரியாயிடுச்சு, லைட்டும் போட்டாச்சு. போஸ்டரை எடுத்துட்டேன், இப்பத்தான் ஆளுங்க படியில போறாங்க.

ஆகாத கதை: ராத்திரி_ஷிப்ட் சொன்ன அதே பிரேக் கோடு எங்க சப்போர்ட்லயும் இருக்கு, அதை எடுக்கச் சொன்னேன், ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஒத்துக்கல. மூணு மீட்டிங் சண்டை போட்டு 10 நிமிஷத்தை 20 ஆக்கியிருக்கு, சிவப்புக் கலர் இன்னும் இருக்கு. அப்ரைசல் மார்க்கை பழைய_ஸ்டெத் அம்மா சொன்ன காரணத்தை அப்படியே சொல்லி நிறுத்திட்டேன். யோகாவை மதியம் மூணு மணிக்கு மாத்தினோம், 14 பேர் வர்றாங்க, அதுல ரெண்டு பேர் சும்மா பாயில படுத்துத் தூங்கறாங்க, மாஸ்டர் எழுப்பவான்னு கேட்டார், விடுங்கன்னுட்டேன்.

ஸ்டெப் குரூப்பை அந்த 9 பேர்கிட்டயே குடுத்துட்டேன், அவங்களே நடத்திக்கறாங்க, நான் அதுல இருந்து வெளிய வந்துட்டேன். ரிமைண்டரையும் நிறுத்தியாச்சு. இதை மொத்தமும் காரிடார்ல நின்னுட்டு ஃபோன்லதான் டைப் பண்றேன், அதான் எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

பழைய_ஸ்டெத் அம்மா, ஒரு சந்தேகம் மட்டும், அந்த ரப்பர் மேட் ஓரம் எல்லாம் சுருண்டு மேல எழும்புது, காலு தடுக்குதுன்னு சொல்றாங்க. ஓரம் சரிவா வர்ற மாதிரி தனியா கிடைக்குமா?